காசு போட்டுவிட்டுப் பேசிய பிள்ளை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து அழகாக வாதாடிய நண்பர்களே, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு இந்த நேரத்திலும் விழித்திருந்து கேட்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாணவர் நாவில் ஆங்கிலம் ஏறத் துணை நிற்பது ஆங்கிலம் மட்டுமே ஒலிக்கும் வகுப்பறையா, தமிழும் கைகொடுக்கும் வகுப்பறையா? இதுதான் தலைப்பு. தமிழும் கைகொடுக்கும் வகுப்பறையே என்று சொல்ல வந்திருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். அதில் முதல் மூன்று ஆண்டுகள் நானும் எதிரணிக்காரிதான். அந்தப் பக்கத்திலிருந்து ஏன் எழுந்து வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு தனியார் பள்ளி. வகுப்பறைக்குள் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். என் மேசைமேல் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும்; அதன் மூடியில் காசு விழும் அளவுக்கு ஒரு கீறல். மூன்றாம் ஆண்டு ஒருநாள், மதிய மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தபோது, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இடத்தைவிட்டு எழுந்து வந்தான். சட்டைப்பையைத் துழாவி ஒரு ரூபாயை எடுத்தான். டப்பாவில் போட்டான். காசு விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்: "டீச்சர், என் தம்பிக்குக் காய்ச்சல். ஒன்றாம் வகுப்பில் பெஞ்சிலேயே படுத்திருக்கிறான்."

நடுவர் அவர்களே, அந்தப் பையனுக்கு 'ஃபீவர்' என்ற சொல் தெரியும். 'பிரதர்' தெரியும். பதற்றத்தில் இரண்டையும் கோத்து வாக்கியமாக்க வரவில்லை. தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். தம்பியின் உடம்பு சுடுகிறது என்று சொல்வதற்கு அவன் தன் மொழியை என்னிடம் விலைகொடுத்து வாங்கினான். அந்த டப்பாவை மேசைமேல் வைத்திருந்தவள் நான். அன்று மாலை அதை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். பிறகு அது வெளியே வரவில்லை. அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் நானும் அந்தப் பள்ளியில் இல்லை.

எதிரணித் தலைவர் ஓர் உவமை சொன்னார். தண்ணீரில் தள்ளிவிட்டால்தான் நீச்சல் வரும், ஆங்கிலமும் அப்படித்தான் என்றார். கைதட்டலும் வாங்கினார். இந்தக் கூட்டத்தில் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களைச் சும்மாவா தள்ளிவிட்டார்கள்? முதுகில் சுரைக்குடுக்கை கட்டியிருந்தார்கள். இப்போது அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் கேன் வந்திருக்கிறது. அப்பாவோ மாமாவோ வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துக்கொண்டு கூடவே வந்தார். நீச்சல் பிடிபட்டதும் குடுக்கை தானாகக் கழன்றது. அந்தக் குடுக்கையைத்தான் நான் கேட்கிறேன்.

இன்னொரு நண்பர், குழந்தை தாய்மொழியை எந்த மொழியின் துணையும் இல்லாமல்தானே கற்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஏறக்குறைய 200 வேலைநாள், நாளுக்கு ஒரு பாடவேளை, 40 நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் 8000 நிமிடம், அதாவது 133 மணி நேரம். ஒரு குழந்தை நாளுக்கு 12 மணி நேரம் விழித்திருந்தால், அந்த 133 மணி நேரம் அதற்குப் பதினொரு நாளில் கிடைத்துவிடும். வீடும் தெருவும் பாட்டியும் சேர்ந்து பதினொரு நாளில் கொடுப்பதை நாங்கள் ஓராண்டு முழுவதும் கொடுக்கிறோம். அதுவும் நாற்பது பிள்ளைகளுக்குப் பங்கிட்டு. கையில் இருப்பது இவ்வளவுதான். 'ஆல்தோ' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் சொல்லி, நடித்துக் காட்டி, படம் வரைந்து பத்து நிமிடத்தைச் செலவழிப்பதா? "மழை பெய்தாலும் பள்ளிக்கு வந்தாயே, அந்த 'ஆலும்'தான் இது" என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, மிச்ச ஒன்பது நிமிடமும் பிள்ளைகளை அந்தச் சொல்லை வைத்துப் பேச வைப்பதா? எந்த வகுப்பில் ஆங்கிலம் அதிகம் ஒலிக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும், தமிழில் சிந்தித்தால் பேச்சு தடுமாறும் என்றார்கள். நடுவர் அவர்களே, வாய்க்குத் தடை போடலாம். மனத்துக்குப் போட முடியுமா? இப்போது நான் பணியாற்றுவது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில். ஏழாம் வகுப்பு நோட்டுகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: 'தி லிசர்ட் இஸ் இன் தி வால்.' பல்லி சுவருக்குள் இருக்கிறதாம். 'இன்' என்பதை அடித்து 'ஆன்' என்று சிவப்பு மையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! மறுவாரம் மறுபடியும் பல்லி சுவருக்குள் போய்விடும்.

ஒருநாள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகையில் மூன்று தமிழ் வாக்கியங்கள் எழுதினேன். மிட்டாய் டப்பாவில் இருக்கிறது. பல்லி சுவரில் இருக்கிறது. அப்பா பஸ் நிலையத்தில் இருக்கிறார். மூன்றிலும் பொதுவாக இருப்பது எது என்று கேட்டேன். "இல்!" என்று வகுப்பே கத்தியது. ஏழாம் வேற்றுமை உருபு. தமிழ் ஐயா நடத்தியிருக்கிறார். பிறகு அந்த மூன்று 'இல்'லுக்கும் நேர் கீழே வண்ணச் சுண்ணக்கட்டியால் 'இன்', 'ஆன்', 'அட்' என்று எழுதினேன். வகுப்பு அடங்கிவிட்டது. கடைசி வரிசையில் எப்போதும் தலைகுனிந்தே இருக்கும் ஒரு பெண் பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: "அப்படியென்றால் டீச்சர், நாம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். அவர்கள் உள்ளேயா, ஒட்டிக்கொண்டா என்று பார்த்துத்தான் சொல்வார்களா?"

நான் படித்த இலக்கணப் புத்தகம் எதிலும் இவ்வளவு தெளிவாக அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் பிள்ளைகளுக்கு அதே வேலை. மின்விசிறி, சன்னல், குடிநீர்த் தொட்டி, ஒன்றையும் விடவில்லை. மரத்தில் குரங்கு, மரத்தில் மாங்காய், இரண்டும் ஒன்றா என்று சண்டை வந்தது. கிளைகளுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும் குரங்குக்கு 'இன்', காம்பில் தொங்கும் மாங்காய்க்கு 'ஆன்' என்று தீர்த்து வைத்தேன். பல்லி அதன்பிறகு பெரும்பாலும் சுவரின்மேல்தான் இருந்தது. அந்தத் தவறு முழுக்கத் தமிழின் தர்க்கத்தில் பிறந்தது. அதைத் தமிழ் வழியே போய்த்தான் கண்டுபிடிக்க முடியும். வகுப்பில் தமிழைத் தடைசெய்தால் தமிழ் போய்விடாது. ஆசிரியருக்குத் தெரியாமல் உள்ளே இருந்து வேலை செய்யும்.

'மை மதர் டீச்சர்' என்று ஒரு பிள்ளை எழுதினால் 'இஸ்' எங்கே என்று அதட்டுகிறோம். 'அவர் என் அம்மா' என்ற தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே இருக்கிறது? எழுவாய் ஒரு பெயரையே பயனிலையாகக் கொள்வதைத் தொல்காப்பியர் 'பெயர் கொள வருதல்' என்று வகுத்து வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட மொழியிலிருந்து வரும் பிள்ளை அது. 'உன் மொழியில் இந்த இடம் காலியாக இருந்தாலும் பொருள் நிற்கும்; ஆங்கிலத்தில் இந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். முட்டாள் என்று பெயர் வாங்கிய பிள்ளையின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

உச்சரிப்புக்கு வருகிறேன், ஏனென்றால் எதிரணி அதைத்தான் பெரிதாகப் பேசியது. செல்லப் பிராணிக்கும் பந்தயத்துக்கும் உரிய இரண்டு ஆங்கிலச் சொற்களையும் தமிழில் எழுதினால் 'பெட்' என்று ஒன்றாகத்தான் வரும். நமக்குப் பகரம் ஒன்றுதான். அதனால் அந்த ஒலி தமிழ்ப் பிள்ளைக்கு வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பிள்ளைகளைப் 'பம்பரம்' என்று சொல்லச் சொல்வேன். மெதுவாக, தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு. முதல் எழுத்தில் உதடு பிரிந்த பிறகுதான் தொண்டை அதிர்கிறது. மூன்றாம் எழுத்தில் உதடு மூடியிருக்கும்போதே அதிர்ந்துகொண்டிருக்கிறது. பம்பரத்தின் முதல் பகரம் செல்லப் பிராணிக்கு, இரண்டாம் பகரம் பந்தயத்துக்கு. பிள்ளை பிறந்ததிலிருந்து இரண்டையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. இல்லாததை ஊட்டுவது கடினம்; இருப்பதை எடுத்துக் காட்டுவது ஐந்து நிமிட வேலை.

எதிரணி சொன்ன ஒன்றை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஒரு வரியை ஆங்கிலத்தில் படித்து, அதற்குத் தமிழில் பொருள் சொல்லி, அடுத்த வரிக்குப் போய், மணி அடிக்கும்வரை அப்படியே ஓட்டும் வகுப்புகள் இருக்கின்றன. அங்கே பிள்ளையின் வாயிலிருந்து ஓர் ஆங்கில வாக்கியம்கூட வருவதில்லை. பிறகு தேர்வுக்குக் கட்டுரையை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறது. அதை நான் ஆதரிக்கவில்லை. 1967இல் வேல்ஸ் நாட்டில் டாட்சன் என்ற கல்வியாளர் இருமொழி முறை என்று ஒன்றை வகுத்து எழுதினார். பொருளைத் தாய்மொழியில் சட்டென்று கொடுத்துவிடு, பயிற்சி முழுவதையும் புதிய மொழியில் நடத்து என்பது அதன் சாரம். என் வகுப்பும் அப்படித்தான். குழம்புக்கு உப்பு எவ்வளவோ அவ்வளவு தமிழ்.

'ஆங்கிலம் மட்டும்' என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது? 1878இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பெர்லிட்ஸ் என்பவர் ஒரு மொழிப்பள்ளி தொடங்கினார். கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி வகுப்பில் கூடாது என்பது அவர் வழி. பல மொழிக்காரர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தால் வேறு வழியும் கிடையாது. எங்கள் வகுப்பில் நாற்பது பேருக்கும் மொழி ஒன்றுதானே! (ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் உண்டு. தமிழுக்கு நான் கேட்கும் இடம் அங்கே அந்த மொழிகளுக்கும் உரியது.) 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு நடந்தது. அங்கிருந்து பரவிய கொள்கைகளை மொழியியல் அறிஞர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் ஐந்தாகத் திரட்டி, ஐந்துமே பிழையான நம்பிக்கைகள் என்று வாதிட்டார். ஆங்கிலத்தை ஆங்கிலத்தால் மட்டுமே கற்பிப்பதுதான் சிறந்தது என்பதும் அந்த ஐந்தில் ஒன்று.

மேலைநாடுகளிலிருந்து தமிழ் கற்க வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டார். பின்னால் வரும் தம் ஆட்கள் தமக்குத் தெரிந்த மொழி வழியே தமிழுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக. வீரமாமுனிவரும் தமிழ்ப் பேச்சுவழக்கின் இலக்கணத்தை லத்தீனில்தான் எழுதினார். தமிழ் கற்க வந்த அறிஞர்களுக்குத் தெரிந்த மொழியின் துணை தேவைப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் அது கூடாதா?

மொழிக்கல்வி அறிஞர் என். எஸ். பிரபுவின் பெங்களூர்த் திட்டத்தை எதிரணியினர் மேற்கோள் காட்டினார்கள். நான் மிகவும் மதிக்கும் முயற்சி அது. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில், இலக்கண விதிகளை வரிசையாக நடத்தாமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குத் தீர்க்க வைத்து ஆங்கிலம் கற்பித்தார்கள். பிள்ளையின் மனம் பொருளில் ஈடுபட்டால் மொழி உடன் வரும் என்பது அதன் அடிப்படை. அதை நான் அப்படியே ஏற்கிறேன். அதே பிரபு, எல்லாருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்று 1990இல் எழுதினார் என்பதையும் நண்பர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மணி அடிக்கப்போகிறது என்று நடுவர் பார்வையிலேயே சொல்கிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு அமர்கிறேன்.

சென்ற ஆடி மாதம் எட்டாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவது எப்படி என்று வீட்டில் கேட்டு வந்து ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மறுநாள் காலை ஒரு பாட்டி பேத்தியுடன் வகுப்பு வாசல்வரை வந்துவிட்டார். "டீச்சரம்மா, நேற்று ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் கேட்டுக் கேட்டு எழுதினாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று படிக்கச் சொல்லுங்கள்" என்றார். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வரி படித்தாள், தமிழில் சொன்னாள். அடுத்த வரி, அதற்குத் தமிழ். நொய்யரிசி வேகும் இடத்துக்கு வந்ததும் பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். "மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க வைக்க வேண்டும் என்று சொன்னேனே, அதைக் காணோமே?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். "புளிக்க வைப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன டீச்சர்? அது தெரியாமல்தான் விட்டுவிட்டேன்." 'ஃபெர்மென்ட்' என்றேன். வாசல்படியிலேயே உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்து, விட்டுப்போன வரியை மேலே ஓர் அம்புக்குறி போட்டுச் சேர்த்தாள். திருத்திய வரியைப் பாட்டிக்கு இரண்டு மொழியிலும் மறுபடி படித்துக் காட்டினாள். "இப்போது சரி" என்று சொல்லிவிட்டுப் பாட்டி வேலைக்குக் கிளம்பினார்.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்குக் காத்திருக்கிறேன். வணக்கம்.