நான்கிடம் வாங்கிய கடன்

நேயர்களுக்கு வணக்கம். ஆசிரியர்கள் தங்கள் பணி அனுபவங்களை இணையத்தில் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. கணினி வல்லுநர் அல்ல. கையில் இருப்பது ஒரு கைபேசி, அதன் திரையிலும் குறுக்கே ஒரு கீறல். எனவே தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு, எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தேன். 42இலிருந்து 17. இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் இருக்கும் நான்கிடம் ஒன்று கடன் வாங்கு. நான் படித்ததும் இப்படித்தான், நீங்கள் படித்ததும் இப்படித்தான் இருக்கும். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான்கிடம் வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் முன்பணம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். பாட்டி வீட்டில் வளர்கிறாள். கடன் என்றால் என்ன என்று அந்த வகுப்பில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். திருப்பிக் கொடுக்காத கடன் ஒன்று கணக்குப் புத்தகத்தில் இருப்பதை அவளால் ஏற்க முடியவில்லை. என்னிடம் பதிலும் இல்லை.

முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டத்துக்காகக் காத்திருப்போம். அங்கேயும் கூட்டம் நடக்கும்போது பேச மாட்டோம், தேநீர் இடைவேளையில்தான் பேசுவோம். நாற்பது பேர் கூடிய இடத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு மட்டும் அது போய்ச் சேரும். இந்த முறை அன்றிரவே முகநூலில் பத்து வரி எழுதினேன். மறுநாள் காலை, வேறு மாவட்டத்திலிருந்து நான் பார்த்தே இராத ஓர் ஆசிரியர் பதில் போட்டிருந்தார்: "கடன் என்று சொல்லாதீர்கள். சில்லறை மாற்றுவது என்று சொல்லிப் பாருங்கள். பத்து ரூபாய் நோட்டை ஒரு ரூபாய் நாணயங்களாக மாற்றுகிறோம். யாருக்கும் யாரும் பாக்கி இல்லை."

எங்கள் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. பழைய சேலைத் துணியைக் கிழித்து, பத்துப் பத்துக் கொட்டைகளாக முடிச்சுப் போட்டேன். நான்கு முடிச்சும் இரண்டு உதிரிக் கொட்டைகளும் அந்தச் சிறுமியின் முன்னால். ஒரு முடிச்சை அவிழ்த்தாள். உதிரி பன்னிரண்டு ஆனது. அதில் ஏழை எடுத்தாள், ஒரு முடிச்சைத் தள்ளி வைத்தாள், மீதியை எண்ணினாள். இருபத்தைந்து. "கடன் இல்லை டீச்சர்" என்றாள்.

என் அனுபவத்தில் பகிர்வு என்பது இதுதான். இதைச் சொல்லக் காரணம், ஆசிரியர் குழுக்களில் நான் அதிகம் பார்ப்பது வேறு. பொன்னாடை, சான்றிதழ், கேடயம், வரிசையாக நிற்கும் விருந்தினர்கள். தவறில்லை, எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அந்தப் படங்களுக்கு வருவதெல்லாம் கைகூப்பும் பொம்மைகள்தான். "எனக்குத் தெரியவில்லை, இந்த இடத்தில் தடுமாறினேன்" என்று எழுதினால்தான் அடுத்தவர் தன் பையைத் திறக்கிறார்.

எப்படி எழுதுவது என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில், இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்பேன். நம் பக்கத்து நடுகற்களில் பல, எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யார் மாடு கவர்ந்தார்கள், அதை மீட்கப் போய் யார் பட்டான் என்பதோடு நிற்கின்றன. நாலைந்து வரிதான். 'மாபெரும்', 'ஈடு இணையற்ற' எதுவும் இல்லை. நூற்றாண்டுகள் கழித்தும் என்ன நடந்தது என்று நமக்குப் புரிகிறது. நம் பதிவுகளும் அப்படி இருக்கலாம்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், குழந்தை என்ன கேட்டது, நான் என்ன செய்தேன், எங்கே சொதப்பியது.

எங்கே எழுதுவது என்பது பெரிய கேள்வி அல்ல. வாட்ஸ்அப் குழுவில் போட்டது மாலைக்குள் காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடும். மறுபடி தேடி எடுக்க வேண்டியதை முகநூலில் போடுகிறேன். தனியார் பள்ளி, கல்லூரி நண்பர்கள் லிங்க்ட்இன் பயன்படுத்துகிறார்கள், வேலை மாற நினைப்பவர்களுக்கு உதவுகிறதாம். மலைக்கிராமப் பள்ளியில் இருக்கும் என் தோழிக்கு அங்கே சிக்னல் கிடைக்காது. நோட்டில் எழுதிவைத்து, சனிக்கிழமை கீழே இறங்கியதும் பதிவிடுகிறாள். இடையில் இரண்டு மூன்று நாள் ஆறிப்போவதால், எங்கள் எல்லோரையும்விட அவள் எழுதுவதுதான் நிதானமாக இருக்கிறது.

இனி என் தவறுக்கு வருகிறேன். அந்தக் கழித்தல் பதிவில் சிறுமியின் பெயரை எழுதவில்லை, படமும் போடவில்லை. ஆனால் ஊர்ப் பெயரை எழுதினேன், பெற்றோர் முன்பணம் வாங்கிப் போனதை எழுதினேன். சின்ன ஊர். அது போதும். பதிவு கைமாறிக் கைமாறி, பெங்களூரில் வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் அதை அவளுடைய அப்பாவிடமே காட்டியிருக்கிறார். பொங்கலுக்கு வந்தவர் பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "என் கடனை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டீர்களே டீச்சர்" என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அன்றே பதிவை நீக்கினேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு அதைச் சட்டம் சொல்லித் தரவில்லை, அவர்தான் சொல்லித் தந்தார். இப்போது குழந்தையின் வீட்டு நிலையைத் தொடும் எதையும் பெற்றோரிடம் படித்துக் காட்டாமல் வெளியிடுவதில்லை. அரசுப் பணியில் இருப்பவர்கள் 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகளையும் ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது. வகுப்பறை அனுபவத்தை எழுதுவது வேறு, அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிப்பது வேறு.

இந்த உரைக்காகவும் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஊரை மட்டும் சொல்லாதீர்கள். அவள் கேட்ட கேள்வியைச் சொல்லுங்கள்" என்றார்.

சில்லறை யோசனை சொன்ன ஆசிரியர் போன வாரம் மறுபடி எழுதியிருந்தார். அவர் வகுப்பில் 302இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டியிருந்ததாம். உதிரி இரண்டு, முடிச்சோ ஒன்றுகூட இல்லை, எதை அவிழ்ப்பது என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். பத்து முடிச்சுகளை ஒரு பெரிய துணியில் மூட்டையாகக் கட்டினால் சரியாகும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கொட்டைகளை எண்ண வேண்டும். முந்நூற்றிரண்டு. வணக்கம்.