பைக்கில் செல்ஃப் எடுக்கலையா? பேட்டரியைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

[திரையில் ஒரு கட்டைவிரல், ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறது. "டிக்."]

கேட்டீர்களா அந்த ஒற்றை "டிக்"கை? இதைக் கேட்டதும் நிறையப் பேர் நேராகப் போய்ப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். மாட்டினேன், பட்டனை அழுத்தினேன். "டிக்." பேட்டரிதான் புதுசு, சத்தம் பழசு! கோளாறு எங்கே இருந்தது என்று வீடியோவின் கடைசியில் சொல்கிறேன். இல்லை, நடுவிலேயே உளறிவிடுவேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

முதலில் கொஞ்சம் பாடம், ஓடிக்கொண்டே முடித்துவிடலாம். பட்டன் ஒரு சின்ன கரண்ட்டை ரிலேவுக்கு அனுப்பும். ரிலே "டிக்" என்று மூடிக்கொண்டு, தடித்த ஒயர் வழியாகப் பெரிய கரண்ட்டை ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் திறந்துவிடும். அந்தக் கரண்ட் எஞ்சின் உடம்பு, எர்த் ஒயர் என்று சுற்றி பேட்டரிக்கே திரும்பும். திரும்பி வரும் பாதை என்று ஒன்று இருக்கிறது, அதை மட்டும் மனதில் வையுங்கள். பாடம் முடிந்தது.

இப்போது காதைத் தீட்டுங்கள்.

சத்தமே இல்லையா? கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்), சைடு ஸ்டாண்ட், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல், மெயின் பியூஸ். இந்த வரிசையில் பாருங்கள். கில் சுவிட்ச்சை யாரோ தட்டிவிட்டிருக்க, வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டே போனவர்கள் கமெண்ட்டில் கை தூக்குங்கள். வெட்கப்பட வேண்டாம், நானும் இருக்கிறேன்.

"டிக்டிக்டிக்டிக்" என்று தையல் மெஷின் மாதிரி அடிக்கிறதா? அது பெரும்பாலும் பேட்டரி இறங்கிப்போன சத்தம். ரிலே மூடுகிறது, மோட்டார் இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, ரிலேவைப் பிடித்துவைக்கத் தெம்பில்லாமல் விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்ட் ஏறுகிறது, மறுபடி மூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டு இழுபறி.

மோட்டார் "விர்ர்" என்று சுற்றியும் எஞ்சின் அசையவில்லையா? மோட்டாரின் சுற்றை எஞ்சினுக்குக் கடத்தும் ஒருவழி கிளட்ச்சைப் பாருங்கள். அது கரண்ட் சமாச்சாரமே இல்லை.

மிச்சம் நம் கதாநாயகன், ஒற்றை "டிக்".

[மல்டிமீட்டரைக் காட்டுகிறேன்]

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு முனைகளில் தொடுங்கள். நன்றாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். 12.4 என்றால் முக்கால் வயிறு. 12.0 என்றால்? "அதான் பன்னிரண்டு இருக்கே" என்பீர்கள். அது கிட்டத்தட்ட காலி! உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் நிறைந்திருக்கும்போது சுமார் 2.1 வோல்ட். கூட்டிப் பாருங்கள், கணக்கு புரியும். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு எண்கள் இன்னும் மேலே, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். பேட்டரியின் புளுகு எட்டு நொடிகூடத் தாங்காது. மீட்டர் தொட்டபடி இருக்க, நியூட்ரலில் பட்டனை அழுத்துங்கள். 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை சார்ஜ் போட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் விழுந்தால் அது போய்விட்டது என்றே வையுங்கள். மோட்டார் சிக்கிக்கொண்டு அளவுக்கு மீறி இழுத்தாலும் இப்படி விழும் என்பதையும் ஒரு ஓரத்தில் வையுங்கள்.

இங்கே ஒரு குட்டிக் கதை. 1914-லேயே எலக்ட்ரிக் ஸ்டார்ட்டோடு ஒரு பைக் வந்தது, ஹெண்டி ஸ்பெஷல். செய்தது இந்தியன் என்ற நிறுவனம். பெயர்தான் இந்தியன், கம்பெனி அமெரிக்காவில். அந்தக் காலத்து பேட்டரிகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை, வண்டி சீக்கிரமே விடைபெற்றது. ஆக, செல்ஃப் எடுக்காத துக்கத்துக்கு வயது நூற்றுக்கு மேல்.

சரி, பட்டனை அழுத்தியும் பேட்டரி 12-ஐ விட்டு அசையவே இல்லை, ஆனால் "டிக்" மட்டும்தான் என்றால்? இந்த இடத்துக்காகத்தான் இந்த வீடியோவே எடுத்தேன். பேட்டரி அசையவில்லை என்றால் பலசாலி என்று அர்த்தமில்லை, அதனிடம் யாரும் வேலையே வாங்கவில்லை என்று அர்த்தம். கரண்ட் வழியில் எங்கோ அடைபட்டிருக்கிறது.

"ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதே, ஹாரன் அடிக்கிறதே, எப்படி அடைப்பு இருக்கும்?" கணக்குப் போடுவோம், ரொம்ப ஜாலியான கணக்கு. ஒரு மூட்டில் களிம்பு ஏறி வெறும் 0.05 ஓம் தடை உண்டாகியிருக்கிறது. 55 வாட் ஹெட்லைட் இழுப்பது ஐந்து ஆம்பியருக்கும் கீழே. அது அந்த மூட்டில் தொலைப்பது கால் வோல்ட்கூட இல்லை, கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டார் 80 ஆம்பியர் கேட்கிறது என்று வையுங்கள். 80-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 4 வோல்ட்! அவ்வளவு தொலைந்தால் மோட்டார் முக்கி முனகும், தடை இன்னும் ஏறினால் நின்றேவிடும். மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் பாசி அடைத்த கதைதான். டம்ளர் நிரம்பும், வாளி நிரம்பாது.

இன்னொரு வேடிக்கை. இந்த 0.05 ஓமை மீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பிடிக்கவே முடியாது. மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அதைவிடத் தடை அதிகம்! அதனால் கரண்ட் ஓடும்போது வோல்ட் எங்கே தொலைகிறது என்றுதான் தேட வேண்டும்.

[ஸ்டார்ட்டர் மோட்டார் முனை, அருகில்]

சிவப்பு முள்ளை பேட்டரி பிளஸ் முனையிலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்ப்பில் அல்ல, ஈயத்தில். கறுப்பு முள் மோட்டார் முனையில். பட்டனை அழுத்தும் முன்பே 12 காட்டும், பயப்படாதீர்கள், ரிலே திறந்திருப்பதால்தான். அழுத்தியதும் அரை வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காமல் 12-லேயே நின்றால் பாதை எங்கோ துண்டித்திருக்கிறது. முதல் சந்தேகம் ரிலேதான், உள்ளே செம்பு கருகி "டிக்" என்று நடிக்கும், கரண்ட்டை விடாது. ரிலேவின் இரண்டு கனமான முனைகளுக்கு நடுவே அளந்தால் நாடகம் அம்பலம்.

அப்புறம் திரும்பும் பாதை. கறுப்பு முள் பேட்டரி மைனஸில், சிவப்பு முள் எஞ்சினின் பெயின்ட் இல்லாத வெற்று உலோகத்தில். பட்டனை அழுத்தும்போது 0.2, 0.3-க்கு மேல் போகக் கூடாது. என் வண்டியில் என்ன காட்டியது தெரியுமா? 9 வோல்ட். எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்தவர் எர்த் போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்து அழகாக அடித்துவிட்டார். அந்தப் "பெயின்டர்" நான்தான். ஒரு துண்டு உப்புத்தாளால் தேய்த்தேன், செல்ஃப் எடுத்துவிட்டது. புது பேட்டரி பாவம், அதுபாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு பாதையும் சுத்தம், மோட்டார் முனையில் வோல்ட் முழுதாக வருகிறது, ஆனாலும் சுற்றவில்லையா? இப்போது மோட்டாரைக் கழற்றலாம், உள்ளே சுற்றும் பகுதிக்குக் கரண்ட்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சிக்கியிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் கியர் போட்டு வண்டியைத் தள்ளிப் பார்த்துவிடுங்கள். பட்டனை ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், நடுவே ஆறவிடுங்கள்.

பேட்டரி நல்லதுதான், ஆனால் வாரா வாரம் இறங்குகிறது என்பவர்கள், எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5-லிருந்து 14.5 வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர், அதைச் சீராக்கும் ரெகுலேட்டர் பக்கம் போக வேண்டும், அது தனி வீடியோ.

இப்போது உங்கள் முறை. வண்டியைப் பற்றி முழுக்கதை எழுத வேண்டாம், எத்தனை "டிக்" என்று மட்டும் கமெண்ட்டில் போடுங்கள். மீட்டரில் வந்த எண்ணையும் சேர்த்தால், பதில் கட்டாயம் உண்டு.