முதலில் இலைக்கடை

நேயர்களுக்கு வணக்கம்.

பாங்காக்கில் காய்கறி, மீன் வாங்கச் சந்தைக்குப் போவது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பல வருடமாக வாரம் ஒருமுறை நான் செய்துவரும் வேலை அது. இலை, தேங்காய்ப்பால், மீன், கடைசியில் பழம் என்ற வரிசையில் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

நான் போகும் சந்தையின் பெயர் க்லோங் தோய். தாய்லாந்து மொழியில் க்லோங் என்றால் கால்வாய். தோய் என்பது பிரியாணியிலும் பாயசத்திலும் போடுகிறோமே, வாசனை இலை, இலங்கைத் தமிழர்கள் ரம்பை என்று சொல்வது, அந்தத் தாழை இனத்துச் செடி. ஆக, தாழைக் கால்வாய். இப்போது அங்கே தாழையும் இல்லை, சந்தைக்குள் கால்வாயும் தெரியாது. ராமா நான்காம் சாலையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரைகளும் பெரிய பெரிய குடைகளுமாகப் பரந்து கிடக்கிறது. சுரங்க ரயிலில் வந்து இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

பாங்காக் நகரத்துக்குள் இருக்கும் மிகப் பெரிய ஈரச் சந்தை, அதாவது காய்கறி, மீன், இறைச்சி எல்லாம் பச்சையாக விற்கும் சந்தை, இதுதான். ராத்திரி பகல் என்று கிடையாது, எப்போதும் ஏதோ ஒரு பக்கம் வியாபாரம் நடந்துகொண்டே இருக்கும். ஆனால் உயிர்ப்பாக இருப்பது விடிவதற்கு முன்னால்தான். தெருவோரத்தில் வண்டி போட்டுச் சமைக்கிறவர்கள், சின்ன உணவகக்காரர்கள், எல்லோரும் இருட்டிலேயே வந்து அன்றைய சரக்கை எடுத்துப் போய்விடுவார்கள். நம்மைப் போல வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஆறு மணி வாக்கில் போனால் சரி. ஒன்பதுக்கு மேல் வெயில் ஏறிவிடும். மூடின செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் மீன் கழுவின தண்ணீரும் ஓடும். கூடைகளை அடுக்கிய தள்ளுவண்டி பின்னால் குரல் கொடுத்தபடி வரும். மொழி புரியாவிட்டாலும் சட்டென்று ஓரம் ஒதுங்குங்கள். அவர்களுக்கு நிற்க நேரமில்லை.

சரி, உள்ளே போனதும் எங்கே போவது? முதல் முறை வருகிறவர்கள் மீன் பக்கம் போவார்கள், அல்லது பழத்தைப் பார்த்து நின்றுவிடுவார்கள். நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். முதலில் இலைக்கடை. கீரை, தழை, பூ, கொழுந்து, கிழங்கு எல்லாம் குவித்து வைத்திருக்கும் கடை. அங்கே முதலில் வாங்கச் சொல்லவில்லை, முதலில் பாருங்கள் என்கிறேன். வாங்குவது கடைசியில்தான். முதலிலேயே வாங்கினால் மீனுக்கும் தேங்காய்ப்பாலுக்கும் அடியில் கிடந்து நசுங்கிவிடும்.

ஏன் முதலில் இலை? தாய்லாந்துச் சமையலில் அன்றைக்கு என்ன சமைப்பது என்பதை இலைதான் தீர்மானிக்கிறது. கோழி எப்போதும் கிடைக்கும். துளசி நன்றாக வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

துளசி என்றுதான் சொன்னேன். அங்கே அதற்குக் கப்ராவ் என்று பெயர். நம் வீட்டு மாடத்தில் வைத்துச் சுற்றிவருகிற அதே துளசி, அதே இனம். வெள்ளைக் கப்ராவ், சிவப்புக் கப்ராவ் என்று இரண்டு உண்டு. சிவப்புக்கு வாசனை அதிகம். பூண்டையும் மிளகாயையும் தட்டி, கொத்தின இறைச்சியோடு வாணலியில் போட்டு, கடைசியில் ஒரு கை துளசியை அள்ளிப் போட்டு இறக்குவார்கள். நகரம் முழுவதும் மதியச் சாப்பாட்டில் அந்த மணம்தான்.

முதல் வருடம் மார்கழியில் சாமி படத்துக்கு வைக்க ஒரு கட்டுத் துளசி கேட்டேன். கடைக்காரப் பெண்மணி கொடுத்துவிட்டு, மிளகாய் இருக்கிறதா, எத்தனை பேருக்குச் சமையல் என்று விசாரித்தார். சாமிக்கு என்று கைகூப்பிக் காட்டினேன். உடனே கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சாமிக்கு என்றால் பூக்கடை அந்தப் பக்கம், அங்கே மல்லிகை மாலை வாங்கு என்று கை காட்டினார். மனதாரச் சொன்னார். வாணலிக்குப் போகிற இலையைச் சாமிக்கு வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்று இரண்டையும் வாங்கி வந்தேன்.

துளசிக்குப் பக்கத்திலேயே ஹொரபா இருக்கும். ஊதா நிறத் தண்டு, சோம்பு வாசனை. நம் திருநீற்றுப்பச்சிலையின் வகைதான் அது. தேங்காய்ப்பால் குழம்பில் கடைசியாகச் சேர்ப்பது. இன்னொரு சின்ன இலை மெங்லக், எலுமிச்சை வாசம் அடிக்கும். அதன் விதையைச் சப்ஜா விதை போலவே ஊறவைத்துக் குடிக்கிறார்கள்.

என் அம்மா வந்திருந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் முறையாக விமானம் ஏறி வந்தவர். ஐந்தாம் நாள் காலையில் சந்தைக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் பேசவே இல்லை. தோல் உரித்த தவளைகள், தொட்டியில் நெளியும் விலாங்கு, தொங்கும் இறைச்சி எல்லாவற்றையும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தாண்டி வந்தார். இலைக்கடை முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். மூக்கிலிருந்து முந்தானை இறங்கியது.

"ஏண்டி, இது அகத்திப்பூடி!" என்றார்.

வெள்ளையும் சிவப்புமாக இரண்டு தட்டு நிறைய அகத்திப்பூ. அவர்கள் தோக் கே என்பார்கள். புளியும் மீனும் போட்ட குழம்பில் சேர்ப்பார்கள், அவித்து மிளகாய்த் துவையலில் தொட்டும் சாப்பிடுவார்கள். கடைக்காரப் பெண்மணிக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் ஒரு பூவை எடுத்து, இதழை விலக்கி, உள்ளே இருக்கும் நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காட்டினார். கசக்கும், இதை எடுத்துவிட வேண்டும் என்பது அவர் சொன்னது. என் அம்மா இன்னொரு பூவை எடுத்தார். அதே மாதிரி இதழை விலக்கி, அதே நரம்பைக் கிள்ளி எறிந்தார். அந்தப் பெண்மணி என் அம்மா முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு சரசரவென்று கடையில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து அம்மா முன்னால் வைக்கத் தொடங்கினார்.

சுண்டைக்காய் வந்தது. நாம் வற்றல் போடுகிறோம், அவர்கள் பச்சையாகவே குழம்பில் போடுகிறார்கள். வல்லாரை வந்தது. நமக்கு அது ஞாபகசக்திக்கு, அவர்களுக்கு உள்காயம் ஆற. சாறு பிழிந்து ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள். கோவைக்கொடியின் கொழுந்து வந்தது. நாம் காயைப் பறித்துக்கொண்டு இலையை விட்டுவிடுகிறோம், அவர்கள் இலையைப் பறித்துத் தெளிந்த ரசம் வைக்கிறார்கள். முருங்கைக்காய், வாழைப்பூ, பாகல், பீர்க்கு, வள்ளைக்கீரை, கடைசியில் சங்குப்பூ. ஒவ்வொன்றுக்கும் அவர் தாய்லாந்து மொழியில் ஒரு பெயர் சொல்ல, அம்மா தமிழில் ஒரு பெயர் சொன்னார். நான் நடுவில் எதற்கு? பேசாமல் நின்றேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்று வீட்டில் தேங்காய் போட்டு அகத்திப்பூப் பொரியல். அம்மா ஊருக்குப் போன பிறகும் அந்தப் பெண்மணி மூன்று வாரம் என்னிடம் அவரை விசாரித்தார்.

குளிர்மாதங்களில் போனால் வேப்பங்கொழுந்தும் பூவும் கட்டுக்கட்டாக வந்திருக்கும். சதாவ் என்பார்கள். நம் வேம்புக்கு நெருங்கிய உறவு, இலை கொஞ்சம் பெரிது. வெந்நீரில் போட்டு எடுத்து, புளியும் பனைவெல்லமும், மீனை உப்பில் ஊறவைத்து வடிக்கிற மீன்சாறும் சேர்த்துக் காய்ச்சின பாகில் தொட்டு, சுட்ட கெளுத்தியோடு சாப்பிடுவார்கள். புளி, வெல்லம், வேப்பம்பூ. சித்திரை முதல் நாள் நாம் செய்கிற பச்சடியில் மீன்சாறு சேர்ந்தால் அதுதான். அவர்களுடைய புத்தாண்டான சோங்க்ரானும் ஏப்ரல் பாதியில் அதே நாட்களில்தான் வருகிறது.

இலைக்கடையில் இன்னொரு வசதி உண்டு. என்ன வாங்குவது என்று தெரியாவிட்டால் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று சொன்னால் போதும். தோம் யாம் என்கிற புளிப்பும் காரமுமான சூப் என்றால் எலுமிச்சைப்புல் நாலு தண்டு, ஒரு துண்டு பேரரத்தை, மக்ரூட் எலுமிச்சையின் இலை நாலைந்து, மூன்றையும் சேர்த்தே கட்டி வைத்திருப்பார்கள். பேரரத்தை நமக்கு நாட்டு மருந்துக் கடைச் சரக்கு, இருமல் கஷாயத்துக்கு. அங்கே கிலோக் கணக்கில் குவிந்து கிடக்கும். இளசாக, இளஞ்சிவப்புக் குருத்தோடு இருப்பதைத் தேங்காய்ப்பால் சூப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கொத்தமல்லியை வேரோடு வாங்குங்கள். நாம் வேரை வெட்டி எறிகிறோம். அவர்களுக்கு வேர்தான் முக்கியம். கொத்தமல்லி வேர், பூண்டு, மிளகு மூன்றையும் உரலில் இடித்தால், அங்கே பாதிச் சமையலுக்கு அதுதான் அடிப்படை. ஒரு தடவை இடித்து முகர்ந்து பார்த்தேன், அதற்கப்புறம் என் வீட்டில் கொத்தமல்லி வேர் குப்பைக்குப் போனதே இல்லை.

இலைக்கடையிலேயே நின்றுவிட்டேன். தேங்காய்ப்பாலுக்கு வருவோம். மெஷினில் தேங்காய் துருவி, பிழிந்து, பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பார்கள். கெட்டிப் பாலுக்கு ஹுவா கதி என்று பெயர். ஹுவா என்றால் தலை. நாம் தலைப்பால் என்கிறோமே, அதே சொல். இரண்டாம் பாலுக்கு ஹாங் கதி, வால். அன்றே சமைத்துவிட வேண்டும், அந்த வெயிலில் மாலை வரை தாங்காது. பக்கத்துக் கடையில் அரைத்த மசாலா பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகக் குன்று குன்றாக இருக்கும். கீத் கணக்கில் கேளுங்கள். ஒரு கீத் என்றால் நூறு கிராம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கீத் தாராளம்.

பேரம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அன்றாடக் காய்கறிக்கு அங்கே பெரிதாகப் பேரம் கிடையாது, சொன்ன விலைதான். ஆனால் கொசுறு உண்டு. தேம் என்பார்கள். இரண்டு வாரம் ஒரே கடைக்குப் போனால், மூன்றாம் வாரம் கேட்காமலேயே நாலு மிளகாயோ ஒரு பிடி தழையோ பையில் விழும். கடைக்காரப் பெண்களுக்கு மே கா என்று பெயர். மே என்றால் அம்மா, கா என்றால் வியாபாரம். வயதில் பெரியவரைப் பா என்று கூப்பிடுங்கள். அது பெரியம்மா மாதிரி.

மீனைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தொட்டியில் உயிரோடு இருப்பவை விரால், கெளுத்தி, நம் ஊரில் ஜிலேபி மீன் என்கிற திலாப்பியா. இந்த ஜிலேபிக்கு ஒரு வரலாறு உண்டு. 1965ல் ஜப்பானின் பட்டத்து இளவரசர் அக்கிஹிட்டோ ஐம்பது மீன்களைத் தாய்லாந்து மன்னர் பூமிபோலுக்கு அனுப்பினார். அரண்மனைக் குளத்தில் அவை பெருகி, அடுத்த ஆண்டு 10,000 குஞ்சுகள் மீன்வளத் துறைக்குப் போயின. நைல் நதி மீன் என்பதால் ப்லா நின் என்று பெயர். இன்று ஏழை வீட்டிலும் அந்த மீன்தான். பக்கத்திலேயே மூங்கில் தட்டில் கழுத்து மடங்கி ஜோடியாகப் படுத்திருப்பது ப்லா தூ, நம் கானாங்கெளுத்திக்குத் தம்பி. தட்டுக்குள் அடங்குவதற்காகக் கழுத்தை மடித்து, ஆவியில் வேகவைத்து விற்பது. வாங்கி வந்து எண்ணெயில் பொரித்தால் போதும்.

நேரம் ஆகிவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். பழத்துக்கு இன்னும் வரவே இல்லை. பாங்காக்குக்கு வடக்கே பதும் தானியில் இருக்கும் தலாத் தாய் மொத்தச் சந்தையைப் பற்றியும் சொல்ல இருந்தேன். 1997ல் தொடங்கியது, ஏறத்தாழ 200 ஏக்கர். இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன்.

பழத்தில் ஒன்றே ஒன்று. மே மாதம் தொடங்கி மழைக்காலத்தில் மங்குஸ்தான் குவிந்து கிடக்கும். கட்டை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், ஓடு கொஞ்சம் அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் பழையது, வைத்துவிடுங்கள். பிறகு காம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். அங்கே ஒரு சின்னப் பூ செதுக்கினது போல இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. ஆறு, ஏழு இதழ் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், சுளை சின்னதாக இருக்கும், கொட்டையும் குறைவு. வணக்கம்.