வண்டியின் முதுகு

எல்லாருக்கும் வணக்கமுங்க. சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஹெல்மெட்டைப் பற்றி எனக்கு முன்னால் மூன்று பேர் பேசிவிட்டார்கள், அதனால் நான் வண்டியின் முதுகுக்கு வந்துவிடுகிறேன்.

போன வாரம் நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு வரும்போது ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன், முந்தவும் வழியில்லை, சரி என்று அதன் முதுகைப் படித்துக்கொண்டே வந்தேன். மேலே 'அர்த்தநாரீஸ்வரர் துணை', நடுவில் 'அம்மா அப்பா ஆசி', கீழே 'ஒலி எழுப்பவும்'. முதல் இரண்டும் ஓட்டுகிறவருடைய மனசுக்கு. மூன்றாவதுதான் எனக்கு. உயரமாக லோடு ஏற்றினால் பின்னால் வருகிறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், காதில்தான் கேட்க வேண்டும், அதற்காக வந்த வார்த்தை அது. இப்போது ஹாரன் சத்தமே தொல்லையாகிவிட்டது. 2015இல் மகாராஷ்டிராவில் 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' எழுதவே தடை போட்டார்கள்.

நம் பட்டறைகளில் பாடி கட்டி முடித்ததும் பெயின்டர் உட்கார்ந்து நிழல் வைத்து எழுதுவார். இப்போது ரேடியம் கட்டிங், பத்து நிமிடத்தில் ஒட்டிவிடுகிறார்கள். எழுத்தின் அழகு போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் எழுத்தே இல்லாத ஒரு ஸ்டிக்கர் இருக்கிறதே, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு, அந்த ஒளிரும் பட்டை, அதற்கு ஈடு எதுவும் கிடையாது. பைபாஸ் ஓரம் விளக்கில்லாமல் நிற்கிற டிரெய்லர் உங்கள் ஹெட்லைட்டில் அதனால்தான் தெரிகிறது. அதன்மேல் சேறு அப்பியிருந்தால் ஒரு துணியை எடுத்துத் துடைக்கக் கூடாதுங்களா?

அப்புறம் கார், பைக். சாதிப் பேர், கட்சிக்கொடி, சித்தப்பா பையன் நிருபர் என்பதற்காக இவர் வண்டியில் 'பிரஸ்'. நம்பர் பிளேட்டையும் விட்டுவைப்பதில்லை, அதில் நம்பரைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 2008இல் ஓர் ஆய்வு வந்தது: வண்டியில் ஸ்டிக்கர் கூடக் கூட ஓட்டுகிறவரின் ரோட்டுக் கோபமும் கூடுகிறதாம், ஸ்டிக்கரில் சமாதானம் என்று எழுதியிருந்தாலும் அப்படித்தானாம். ரோடே தன்னுடையது என்கிற நினைப்பு! (எங்கள் தெருவில் ஓர் ஆளை வைத்து நான் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டேன்.)

என் மகள் லைசென்ஸ் வாங்கி நாலு மாதமாகிறது, இன்னும் சிவப்பு 'எல்'லைக் கழற்றவில்லை. ஏங்கண்ணு என்று கேட்டால், "அது இருந்தா பின்னால வர்றவங்க ஹாரனே அடிக்கிறதில்லீங்கப்பா" என்கிறாள்.