தோளுக்கு மேல் வளர்ந்தவனுக்கு ஒரு மணி நேரம்

தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த நூலகர் ஐயா அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து மைக் கட்டியது வரை பார்த்துப் பார்த்துச் செய்த தம்பிகளே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வளரும் பையன்களுக்குப் பெரியவர்கள் நாம் எப்படித் துணையாக இருக்கலாம் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்’ என்பார்கள். ஆனால் பையன் தோளுக்கு மேல் வளர்ந்ததும் அவனோடு பேசுவதையே நாம் குறைத்துக்கொள்கிறோம். “சாப்பிட்டியா, படிச்சியா, எங்கே போறே?” இதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

முதலில் உடம்பு. பெரும்பாலும் 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் பையன்களுக்குப் பருவ மாற்றம் தொடங்குகிறது. குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் உடைகிறது. தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. இதெல்லாம் இயல்புதான் என்று அவனிடம் யார் சொல்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு பையன், 14 வயது. நன்றாக ஓடுவான். திடீரென்று மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். வெயிலிலும் இரண்டு சட்டை, தோளைக் குறுக்கிக்கொண்டு நடை. அம்மா திட்டினார், அப்பா சோம்பேறி என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் அவன் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. இருவரும் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தோம், கையெல்லாம் கிரீஸ். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “சார், எனக்கு மார்பு வீங்குது. கேன்சரா?” மாதக்கணக்கில் இதை மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறான்! வீட்டில் சொல்லி, மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பரிசோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்த வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு இது வரும்ப்பா. பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானே போய்விடும்.” வெளியே வந்ததும் அந்த இரண்டாவது சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். மறுநாள் மைதானத்தில் இருந்தான்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். 1904இல் நியூயார்க்கில் எர்னஸ்ட் கூல்ட்டர் என்ற நீதிமன்ற எழுத்தர், வழக்குகளில் சிக்கி வரும் சிறுவர்களைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஆளுக்கொரு பையனுக்குத் துணையாக இருங்கள் என்று பெரியவர்களைக் கேட்டார். இன்று நானும் அதைத்தான் கேட்கிறேன். வாரம் ஒரு மணி நேரம், ஒரு பையன். அறிவுரை வேண்டாம். சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள், அவன் பேசும்போது காதைக் கொடுங்கள். தோளுக்கு மேல் வளர்ந்தவனுக்குத் தோழனாக வேறென்ன வேண்டும்?

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயரும் ஓய்வாக இருக்கும் கிழமையும் எழுதுங்கள். பெற்றோர் சம்மதம் கட்டாயம். சந்திப்பு நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான், மூடிய அறையில் கூடாது. தலைமையாசிரியர் மைதானத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு என் நன்றி. அப்பாக்கள் முதலில் எழுதுங்கள்.