பிளாஸ்மா எந்தப் பக்கம் ஓடுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன் பாலத்துக்குக் கீழே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வாடைக் காலத்தில் வடகடலிலிருந்து தென்கடலுக்கு, சோழகக் காலத்தில் மாறி. தூணைப் பார்த்தாலே போதும். ஓட்டம் மோதுகிற பக்கம் தண்ணீர் ஏறி நிற்கும், மறுபக்கம் தணிந்து சுழிக்கும். இன்று நான் பேச வந்த கருவி செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் அது நிற்பது பிளாஸ்மாவில்.

வாயுவை மிகவும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுவிடும். மிச்சம் இருப்பது நேர்மின்னூட்டம் கொண்ட அயனி. இரண்டும் கலந்து கிடப்பதுதான் பிளாஸ்மா. மின்னலில் இருக்கிறது, வெல்டிங் பொறியில் இருக்கிறது, சூரியன் முழுக்க அதுதான். நம் தலைக்கு மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்திலும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியாவின் வழியாகப் போவதால், பகலில் அந்த உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் பாய்கிறது. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த நடுக்கோடும் காரணம். அந்த ராக்கெட்டைத் தயார்படுத்திய குழுவில் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை.

பிளாஸ்மாவை அளக்க மின்முனையைப் பயன்படுத்தும் முறையை 1920களில் வளர்த்தெடுத்தவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர். ஒரு சின்ன உலோக முனையை உள்ளே விட்டு, மின்னழுத்தம் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான் கருவி. தும்பாவிலிருந்து பின்னாளில் போன ராக்கெட்டுகளில் இது இருந்தது. 2023இல் நிலாவில் இறங்கிய விக்ரமிலும் இருந்தது. அங்கே ஒரு கனமீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி எலக்ட்ரான்கள் வரை இருப்பதாக அது சொன்னது. கேட்க ரொம்பப் பெரிய எண். பிளாஸ்மா கணக்கில் அது வெறும் தூவானம்.

சரி, ஓட்டத்தை எப்படி அளப்பது? முனை ஒன்று போதாது, இரண்டு வேண்டும். நடுவில் பீங்கான் போன்ற ஒரு தடுப்பு, முதுகோடு முதுகாக இரண்டு டங்ஸ்டன் முனைகள். ஒன்று காந்தக் கோட்டின், அதாவது காந்தப்புலம் போகும் திசையின், வழியே இந்தப் பக்கம் பார்க்கும், மற்றது அந்தப் பக்கம். இதற்கு மாக் புரோப் என்று பெயர். இரண்டு முனைகளுக்கும் நன்றாக எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் விலகிப் போகும், அயனிகள் மட்டும் வந்து சேரும். எலக்ட்ரான்களை ஏன் விரட்ட வேண்டும்? அவை படு வேகமாக எல்லாத் திசையிலும் பாய்கிறவை. ஓட்டத்தின் தடயம் அவற்றில் தெரியவே தெரியாது. அயனிகளில்தான் ஓட்டம் மோதுகிற பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்று பிரிந்து தெரியும். அந்த இரண்டு மின்னோட்டங்களின் விகிதம்தான் நமக்குக் கிடைக்கும் எண். பிளாஸ்மாவின் அடர்த்தி இரண்டுக்கும் பொது என்பதால் விகிதத்தில் அது தானாகவே அடிபட்டுப் போகும்.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. காந்தப்புலத்தில் அயனிகள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுருண்டு சுருண்டு ஓடுகின்றன. பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்து வைக்கும் கருவிக்கு டோக்கமாக் என்று பெயர். காந்திநகரில் உள்ள ஆதித்யா போன்ற டோக்கமாக்கின் ஓரப்பகுதியில் அந்தச் சுருளின் ஆரம் அரை மில்லிமீட்டர் அளவுதான். முனையின் அகலமோ சில மில்லிமீட்டர். முனை விழுங்கிய அயனிகளின் இடத்தை நிரப்ப, பக்கத்துக் காந்தக் கோடுகளிலிருந்து மெல்ல மெல்லத்தான் அயனிகள் கசிந்து வரவேண்டும். அதனால் பாலத்தூணைப் போல சிறிது தூரத்தில் நிழல் முடிவதில்லை; முனையின் நிழல் காந்தக் கோட்டின் வழியே நெடுந்தூரம் நீளும். பக்கத்திலிருந்து கசிந்து வரும் அயனி தன் வேகத்தையும் எந்த அளவுக்கு இழுத்துக்கொண்டு வருகிறது? விடையைப் பொறுத்துக் கணக்கு மாறிவிடும்.

ஒரு உதாரணம். இரண்டு மின்னோட்டங்களின் விகிதம் 3 என்று வைத்துக்கொள்வோம். 1980களில் ஸ்டாஞ்ச்பி என்ற இயற்பியலாளர் சொன்ன மாதிரிப்படி ஓட்டம் அந்தப் பிளாஸ்மாவின் ஒலிவேகத்தில் சுமார் 0.66 பங்கு. அயனிகளுக்குள் பாகுத்தன்மையை, அதாவது பக்கத்து ஓட்டம் ஒன்றையொன்று இழுப்பதை, சேர்த்து ஹட்சின்சன் என்ற இயற்பியலாளர் போட்ட கணக்கில் சுமார் 0.46 பங்கு. எலக்ட்ரானும் அயனியும் தலா 10 எலக்ட்ரான்வோல்ட் (பிளாஸ்மாவின் வெப்பத்தைச் சொல்லும் அலகு) வெப்பத்தில் இருக்கும் ஹைட்ரஜனில் ஒலிவேகம் வினாடிக்கு 44 கிலோமீட்டர். அப்படியானால் ஒரே அளவீட்டுக்கு ஒரு விடை 29 கிலோமீட்டர், இன்னொரு விடை 20. எந்த மாதிரியின் கணக்கை எடுத்தோம் என்று சொல்லாமல் வேகத்தை மட்டும் எழுதும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

அப்புறம் முனைகளே சமமாக இருக்காது. சூட்டில் ஒன்று கொஞ்சம் தேய்ந்திருந்தால் ஓட்டமே இல்லாத இடத்திலும் ஓட்டம் இருப்பதாகக் காட்டும். இதற்கு எளிய வழி, புரோப்பை 180 பாகை திருப்பி மறுபடி அளப்பது. உண்மையான ஓட்டம் என்றால் விகிதம் தலைகீழாக மாறும். முனையின் கோளாறு என்றால் விகிதம் மாறாமல் அப்படியே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒவ்வொரு கோணத்திலும் அளந்தால் காந்தக் கோட்டுக்குக் குறுக்கே உள்ள ஓட்டமும் பிடிபடும். திருப்ப நேரமில்லாத இடத்தில் சுற்றிலும் வட்டமாகப் பல முனைகள் வைத்த புரோப்பை விடுகிறார்கள். டோக்கமாக்கில் அதையும் ஒரு வினாடிக்குள் உள்ளே விட்டு வெளியே இழுத்துவிட வேண்டும். 3400 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் டங்ஸ்டன்கூட அதற்கு மேல் அங்கே தாங்காது.