ஸ்டொக் எடுக்கும் இரவும் ஒரு சின்ன டேக்கும்

வணக்கம். பேசக் கூப்பிட்ட வானொலி நிலையத்தாருக்கு நன்றி. கடைச் சரக்கில் ஒட்டுகிற ஒரு டேக்கைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆர்.எப்.ஐ.டி. டேக் என்பார்கள், ரேடியோ அலையை வைத்துப் பொருளை எண்ணுகிற சங்கதி. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் புடவைக்கடை, சப்பாத்துக்கடை வைத்திருக்கிற முதலாளிமாரும் கேட்கலாம், ஆனால் நான் முக்கியமாகக் கேட்கச் சொல்வது அந்தக் கடைகளில் வேலைக்கு நிற்கிற பிள்ளைகளைத்தான்.

நம் நாட்டில் வரிக் கணக்கு வருடம் மார்ச் 31இல் முடிகிறது. அதனால் பல கடைகளில் ஸ்டொக் எடுப்பதும் அந்தக் கிட்டத்தில்தான், அதாவது சித்திரைப் புத்தாண்டுச் சரக்கு வந்து குவிந்து, நுவரெலியா சீசன் தொடங்கப்போகிற, கடைக்குள் கால் வைக்க இடமில்லாத நேரத்தில். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒருத்தர் சட்டையைத் தூக்கித் தூக்கி நம்பரும் சைஸும் வாசிக்க இன்னொருத்தர் கொப்பியில் கோடு போட, நடுராத்திரி தாண்டும். சாதாரண தரப் பரீட்சை எழுதின கையோடு நானும் அப்படி ஒரு கடையில் நின்றவன்தான். கணக்கில் குறைகிற சாமானுக்கு எல்லாப் பிள்ளைகளுடைய சம்பளத்திலும் பிரித்து வெட்டுவார்கள். களவு போனதா, எண்ணும்போது விட்டதா, பெட்டியிலேயே குறைந்து வந்ததா என்று கேட்க ஆளில்லை. இன்றைக்குக் கடைகளுக்குப் பில் மெஷின் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்த வெட்டு இன்னும் சில இடங்களில் நடப்பதைப் பார்க்கிறேன்.

சரி, டேக்குக்கு வருவோம். பெரிய வெளிநாட்டு பிராண்ட் உடுப்பு ஏதாவது வீட்டில் இருந்தால் அதன் விலை அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் உள்ளே அலுமினியத்தில் வளைந்து வளைந்து ஒரு கோலம் தெரியும், நடுவில் மிளகை விடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. கோலம்தான் அன்டெனா, புள்ளிதான் சிப். பற்றரி கிடையாது. கையில் பிடிக்கிற ரீடர் அனுப்பும் அலையிலிருந்துதான் சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு வாட்டை இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு வந்தாலே இப்போதைய சிப்புக்குப் போதும். பதில் சொல்ல அது தனியாக அலை அனுப்புவதும் இல்லை, வருகிற அலையையே கூட்டிக் குறைத்துத் திருப்பி விடுகிறது. மொஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு 1945இல் சோவியத் பிள்ளைகள் மரத்தில் செதுக்கிய ஒரு சின்னத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். பற்றரி இல்லாத ஒட்டுக்கேட்கும் கருவி அதற்குள் இருந்ததை 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுவும் ஏறக்குறைய இதே வித்தைதான்.

நீங்கள் என் குரலைக் கேட்கிற எப்.எம். 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸுக்குள் இருக்கிறது. கடை டேக்குகள் 860 முதல் 960க்குள். தடை இல்லாவிட்டால் பத்து மீற்றர் வரைக்கும்கூட வாசிக்கும். ஆனால் ஒரு ராக்கையில் முந்நூறு சட்டை தொங்கினால் முந்நூறும் ஒரே நேரத்தில் பதில் சொல்லக் கூடாதே. தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் எல்லாரும் ஒன்றாகப் பேர் சொன்னால் கணக்கப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்காத மாதிரி ஆகிவிடும். அதனால் ரீடர் முதலில் ஓர் எல்லையைச் சொல்கிறது, ஒவ்வொரு டேக்கும் அதற்குள் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு தன் முறை வரும்போது மட்டும் பதில் சொல்கிறது, இரண்டு மோதிக்கொண்டால் திரும்பவும் ஒரு சுற்று. ஹவாய்த் தீவுகளின் பல்கலைக்கழகக் கணினிகளை ரேடியோவால் இணைக்க 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த முறையின் வழிவந்தது இது. கேட்க இழுபறியாக இருந்தாலும் ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கில் வாசித்துவிடும்.

பார்கோட் இருக்கிறதே, பிறகு இது எதற்கு என்று கேட்பீர்கள். 1974இல் அமெரிக்காவில் ஒரு சூயிங்கம் பக்கெட்டில் தொடங்கிய பார்கோட் இன்றைக்கும் நல்ல சாமான்தான், நானே தினம் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் அது “நீலச் சட்டை, நடுத்தர சைஸ்” என்பதோடு நின்றுவிடும், பத்து நீலச் சட்டைக்கும் ஒரே கோடு. டேக்கில் 96 பிட் எண் இருப்பதால் பத்துக்கும் பத்து வேறு எண். பிரித்துக் காட்டவும் தேவையில்லை, மடித்து அடுக்கியபடியே வாசிக்கலாம்.

இந்த டேக் கடைச் சரக்குக்கு வந்த கதை தொடங்கியதும் ஒரு கடை ராக்கையில்தான். கெவின் ஆஷ்டன் என்பவர் பி அண்ட் ஜி என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்தில் அழகுசாதனப் பொருட்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, லிப்ஸ்டிக்கில் ஒரு நிறம் மட்டும் கடையில் எப்போது பார்த்தாலும் இல்லை, களஞ்சியத்திலோ தாராளமாக இருக்கிறது. அந்தக் குடைச்சல்தான் 1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு மையமாக வளர்ந்தது. அப்புறம் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கடை வைத்திருக்கிற வால்மார்ட் 2003இல், பெரிய விநியோகஸ்தர்கள் நூறு பேர் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளுக்கெல்லாம் டேக் ஒட்ட வேண்டும் என்று அறிவித்தது. டேக் விலை அதிகம், ஒட்டுகிறவனுக்கு லாபம் இல்லை, விஷயம் மெல்லப் படுத்துவிட்டது. திரும்ப எழும்பியது 2010இல், ஜீன்ஸிலும் உள்ளாடையிலும். சைஸ், நிறம் என்று கிளை பிரிகிற சாமானில்தான் இது உழைக்கும் என்பது அப்போது தெரிந்துபோயிற்று. இன்றைக்கு ஜப்பானின் யுனிக்லோ உடுப்புக் கடைகள் பலவற்றில் உடுப்புகளைப் பெட்டிக்குள் வைத்தால் பில் தானாக விழுகிறது.

நம் ஊருக்கு வந்தால் முதல் வில்லங்கம் தகரம். தகரக் கூரையிலும் இரும்பு ராக்கையிலும் அலை பட்டுத் தெறிக்கும், எதிர்பாராத மூலையில் இருப்பதையெல்லாம் வாசிக்கும், பக்கத்திலேயே இருப்பதை விட்டுவிடும். இரண்டு கடைக்கு நடுவே பலகைச் சுவர்தான் என்றால் பக்கத்துக் கடைச் சரக்கும் நம் கணக்கில் ஏறும், அவர்களும் டேக் போட்டிருந்தால். இதற்கு ரீடரின் வலுவைக் குறைத்து, கிட்டப் போய் வாசிக்க வேண்டும். இரண்டாவது தண்ணீர். இந்த அலையைத் தண்ணீர் குடித்துவிடும், போத்தல் சாமானுக்கு அதனால்தான் கஷ்டம், மழைநாளில் ஈரம் ஊறின ஜேர்சிக் குவியலிலும் அடியில் இருப்பவை தப்பலாம். மூன்றாவது, நம்மவர்கள் ஆசையாகக் கேட்பது, ரோட்டோரத் தேயிலை விற்பனை நிலையங்களுக்கு இது சரிவருமா என்று. உள்ளே அலுமினியத் தாள் இருக்கிற தேயிலைப் பக்கெட்டின் மேல் சாதாரண டேக்கை ஒட்டினால் அது வாயே திறக்காது. வெளியே கொடி மாதிரி நீட்டி ஒட்டலாம், இல்லாவிட்டால் காட்போட் பெட்டிக்கு மட்டும் ஒட்டலாம். அரிசி, பருப்பு, டின் மீன் விற்கிற பலசரக்குக் கடைக்கு என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன்.

இதையெல்லாம் விடப் பெரிய வில்லங்கம் கடன் கொப்பி. தீபாவளி முற்பணம் கைக்கு வரும் முன்னே தோட்டத்துச் சனம் பிள்ளைகளுக்கு உடுப்பெடுக்க டவுனுக்கு வரும், தெரிந்த முகம் என்று பேரை எழுதிவிட்டுக் கொடுப்போம், பில் பிறகு. ரீடருக்கு அது தெரியுமா? சாமான் கடையில் இல்லை, கணினியில் இருக்கிறது, அப்படியென்றால் “குறைவு” என்று சிவப்பில் காட்டும். கடனுக்குப் போகிறதையும் அன்றைக்கே பதியாத கடையில் எத்தனை இலட்சத்துக்கு மெஷின் வாங்கினாலும் பிரயோசனமில்லை.

ஒழுங்காகப் பதிகிற கடையில் என்ன நடக்கும்? புறக்கோட்டையிலிருந்து வரும் பெட்டிகளில் பெரும்பாலும் டேக் இருக்காது, நாமே ஒட்ட வேண்டும். ஒட்டும்போதே எண்ணிவிடுகிறோம். சிட்டையில் அறுபது, கையில் ஐம்பத்தெட்டு என்றால் அந்த இரண்டும் மொத்த வியாபாரியோடு பேச வேண்டிய கணக்கு, பிள்ளைகளின் சம்பளத்தோடு அல்ல. பிறகு வாரம் ஒருதரம் ரீடரோடு கடையைச் சுற்றி வந்தால் போதும். வருடக் கடைசியில் நாற்பது உருப்படி குறைகிறது என்றால் யாரை என்ன கேட்பது? போன செவ்வாய் இருந்த மூன்று சட்டை இந்தச் செவ்வாய் இல்லை என்றால் கமராவைப் பார்க்கலாம், மாடி ஸ்டோரில் தேடலாம், திருப்பிக் கொடுத்தவை எங்கே என்று கேட்கலாம். எப்போது குறைந்தது என்று ரீடர் காட்டும், யார் எடுத்தது என்று காட்டாது. இதை மறந்துவிட்டுப் பிள்ளைகளை மிரட்டுவதற்கென்றே வாங்க நினைக்கிற முதலாளிமாரையும் சந்தித்திருக்கிறேன். களவெடுக்கிறவன் அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுபோனால் வாசல் ரீடரும் சும்மாதான் நிற்கும் என்பதை அவர்களுக்குச் சொல்லி வைத்தேன்.

வாங்குவதென்றால் கொழும்பில் ஷோரூமில் காட்டுகிறதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரீடரையும் இருநூறு டேக்கையும் உங்கள் கடைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், முடிந்தால் மழை பெய்கிற நாளில். ஒரு ராக்கையில் கையால் எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, எண்ணிக்கையைச் சொல்லாமல் அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். ஜேர்சி அடுக்கு, தகரச் சுவர் ஓரம், மாடி ஸ்டோர் மூன்றிலும் பாருங்கள். வாசிக்கிற ஆள் அவர்களுடைய டெக்னீஷியனாக இல்லாமல், உங்கள் கடையில் நிற்கிற பிள்ளையாக இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.